எடை குறைக்க எந்த வழி? தவறுகிற நாளை வைத்து ஓர் ஒப்பீடு

எடையைக் குறைப்பது என்று முடிவு பண்ணியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எதில் சீக்கிரம் குறையும்?" என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். நான்கு வருடத்தில் நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாவுச்சத்தைக் குறைத்தேன், கலோரி எண்ணினேன், மணி பார்த்துச் சாப்பிட்டேன், கடைசியில் தட்டை மட்டும் மாற்றினேன். முதல் மூன்றிலும் எடை குறைந்தது. மூன்றிலும் சில மாதத்தில் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறியது.

அப்புறம்தான் கேள்வியே தப்பு என்று பட்டது. கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த வழியில் ஒரு நாள் தவறினால் மறுநாள் என்ன ஆகும்? தவறாத ஆள் யாரும் இல்லை. காய்ச்சல் வரும், பயணம் வரும், விருந்து வரும், வேலை தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்து இரவு பத்து மணிக்கு எது கையில் கிடைக்கிறதோ அதைத் தின்கிற நாளும் வரும். அந்த நாளைத் தாண்டி எழுந்து வருகிற வழி எது, அங்கேயே படுத்துவிடுகிற வழி எது என்று பார்த்தால், நான்குக்கும் நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

கொழுப்பா, மாவுச்சத்தா

இந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு கட்சி கொழுப்பைக் குறை என்கிறது, மறு கட்சி மாவுச்சத்தைக் குறை என்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து இதை ஒரு வருடம் சோதித்துப் பார்த்தது. 2018-ல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ. புள்ளியியல் கணக்கில் இதற்குப் பெயர் வித்தியாசம் இல்லை.

எனக்குச் சராசரியைவிட உள்ளே இருந்த விவரம்தான் பிடித்தது. இரண்டு குழுவிலுமே 20 கிலோவுக்கு மேல் குறைத்தவர்கள் இருந்தார்கள், எடை கூடிப்போனவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மரபணுவை வைத்தும் சொல்ல முடியவில்லை, இன்சுலின் அளவை வைத்தும் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றுதான்: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் ஒதுக்குங்கள். கலோரி வரம்பு எதுவும் கொடுக்கவில்லை.

அதற்கு முன்பே, 2009-ல், 811 பேரை நான்கு விதமான உணவுத் திட்டங்களில் இரண்டு வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. ஆறு மாதத்தில் சராசரி 6 கிலோ குறைந்தது, ஒரு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது, இரண்டு வருட முடிவில் 4 கிலோ குறைவு நின்றது. நான்கு திட்டத்திலும் ஏறக்குறைய இதே கதை. ஆலோசனைக் கூட்டங்களுக்கு விடாமல் வந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆக, எதை விலக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நாள் விடாமல் இருந்தார்கள் என்பதே பெரிதாகப் போனது.

சரி, அப்படியானால் பிடித்ததை விலக்கிவிட்டுப் போகலாமே? இங்கேதான் என் தகராறு. மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் எனக்கு 2 கிலோ குறைந்தது. தலைகால் புரியவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் வெளியே போய்விடும். ஒன்பதாவது வாரத்தில் ஒரு விருந்தில் வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் காலை மெஷினில் ஏறி நின்றால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. அதுவும் தண்ணீர்தான். ஒரே வேளைச் சாப்பாட்டில் அவ்வளவு கொழுப்பு ஏறவே ஏறாது. ஆனால் காலை ஆறு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அந்த எண்ணைப் பார்க்கிற மனதுக்கு யார் இதை எடுத்துச் சொல்வது? இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் போய்விட்டது என்றே தோன்றியது. மதியம் மறுபடியும் சாப்பிட்டேன். சாயங்காலமும்.

இந்த மனநிலையைப் பீட்டர் ஹெர்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 1975-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மற்றவர்கள் மில்க் ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டியவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு, அவ்வளவுதான். "இதைத் தொடவே மாட்டேன்" என்ற விதி ஒரு வாய் தொட்டதுமே செத்துப்போகிறது. செத்த விதியை யாரும் மறுநாள் பின்பற்றுவதில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பது சிலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பசி குறைகிறது என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் அவர்கள் குறைக்கிறவர்கள், அடியோடு விலக்குகிறவர்கள் இல்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

கலோரி எண்ணுவது

இதை நான் ரொம்ப நாள் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் எண்ணெய் அளந்தேன். சமைக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவது என் பழக்கம். ஒரு மேசைக்கரண்டி இருக்கும் என்பது என் கணக்கு. அன்றைக்கு வழக்கம்போல ஊற்றியதை ஒரு கிண்ணத்தில் பிடித்து, கரண்டியால் அளந்தேன். மூன்றரைக் கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், ஏறக்குறைய 120 கலோரி. நான் 120 என்று நினைத்துக்கொண்டிருந்தது 420. அன்றே "ஒரு கைப்பிடி" கடலையையும் தராசில் போட்டேன். 52 கிராம், சுமார் 300 கலோரி. தொலைக்காட்சி முன்னால் அப்படி இரண்டு கைப்பிடி போகும்.

இதில் நான் தனி ஆள் இல்லை என்று பின்னால் தெரிந்தது. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்த 1992-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கண்ணளவு அவ்வளவுதான்.

அதனால் எழுதி வைப்பதற்குப் பலன் உண்டு. 2008-ல் வந்த, சுமார் 1,700 பேர் கலந்துகொண்ட ஆய்வில், தினமும் சாப்பிட்டதை எழுதியவர்கள் எழுதாதவர்களைப்போல் இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். எழுதினால் கண் திறக்கிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் மாவுச்சத்தும் 4 கலோரி என்பதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, நம் வீட்டுக் கரண்டியில் பார்ப்பது வேறொன்று.

ஆனால் தவறுகிற நாளில் இது என்ன ஆகிறது? எழுதுவது நின்றுபோகிறது. வெளியே சாப்பிட்டதற்கு எண் தெரியாது, அதனால் அந்த வேளையை விட்டுவிடுவோம். ஒரு வேளை போனதும் அந்த நாள் கணக்கே கோணலாகிவிடும். மூன்று நாள் காலியாகக் கிடந்த பிறகு, கணக்கு எழுதுகிற செல்போன் ஆப்பைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். நான் பதினோராவது வாரத்தில் ஆப்பை அழித்தேன்.

இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, ஆகவே தினம் 550 குறைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ என்று பலர் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். முதல் சில வாரம் கிட்டத்தட்ட ஒத்துவரும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது, அதனால் அதே 550 நாளாக ஆக வேகம் இழக்கும். கணக்கை நம்பியவர் தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் ஒரு கோளாறும் இல்லை.

என் முடிவு: கலோரி எண்ணுவது நல்ல பள்ளிக்கூடம், மோசமான வீடு. மூன்று வாரம் படித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், குற்ற உணர்வு, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுவது போன்ற தொல்லைகள் முன்பு எப்போதாவது இருந்தவர்கள் அந்த மூன்று வாரமும் வேண்டாம். எண் அவர்களுக்கு எதிரி.

மணி பார்த்துச் சாப்பிடுவது

16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிற முறை. இடைவெளி விரதம் என்கிறார்கள். இதன் அழகு, விதி ஒன்றே ஒன்று. எடை போட வேண்டாம், எழுத வேண்டாம், கடிகாரம் மட்டும் போதும்.

கடிகாரத்துக்கு மந்திர சக்தி இருக்கிறதா என்றால், இதுவரை பார்த்ததில் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் வைத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே கலோரிக் குறைப்பு. பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். 2022-ல் வந்த முடிவில் அவர்களுக்கு 8.0 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்திருந்தது. அந்த இடைவெளியும் புள்ளியியலில் நிற்கவில்லை. அமெரிக்காவில் கலோரி பற்றி எதுவும் சொல்லாமல், நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லி 116 பேரிடம் 12 வாரம் பார்த்தார்கள். மணி பார்த்தவர்களுக்கு ஒரு கிலோகூட முழுசாகக் குறையவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் இன்னும் கடினம். 2017-ல் வந்த ஓர் ஆய்வில் அதில் சேர்ந்தவர்களில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகிவிட்டார்கள். தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் விலகியது 29 சதவீதம்.

அதற்காக இதைத் தள்ளிவிட முடியாது. யாருடைய கூடுதல் கலோரி முழுக்க இரவு ஒன்பது மணிக்கு மேல் உள்ளே போகிறதோ, அவருக்கு இது கச்சிதமான பூட்டு. தவறுகிற நாளிலும் அவ்வளவு மோசமில்லை. ஒருநாள் இரவு பத்துக்குச் சாப்பிட்டால் மறுநாள் கடிகாரம் புதிதாகத் தொடங்குகிறது, பழைய கணக்கு எதுவும் பாக்கி நிற்காது. நான் விட்டதற்குக் காரணம் வேறு. மதியம் பன்னிரண்டுக்குப் பூட்டைத் திறந்ததும், நின்றுகொண்டே, பாத்திரத்திலிருந்தே சாப்பிட ஆரம்பித்துவிடுவேன். காலையில் சாப்பிடாமல் விட்டதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே போனது அதிகம். பசி முற்றினால் நிதானம் போய்விடுகிற ஆள் நான். உங்களுக்கு அப்படி ஆகாமலும் இருக்கலாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

பட்டினி பற்றி ஒரு வார்த்தை

இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை, ஆனாலும் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. மின்னசோட்டாவில் 1944-45-ல் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். தினம் சுமார் 1,570 கலோரி. இன்றைக்குப் பல டயட் அட்டவணைகளில் இதைவிடக் குறைந்த எண்ணைப் பார்க்கலாம். அவர்கள் உடல் எடையில் கால்வாசி போனது. போகட்டும். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், பட்டினி முடிந்த பிறகும் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை என்றார்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைப்பது சிகிச்சை, அது வேறு கதை. வீட்டில் தானாகச் செய்வது அது இல்லை.

தட்டை மாற்றுவது

கடைசி வழி. சொல்லிக்கொள்ளக் கவர்ச்சியே இல்லாதது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பகுதி தானியம், கால்பகுதி பயறோ முட்டையோ மீனோ இறைச்சியோ. அமெரிக்க வேளாண் துறையும் ஹார்வர்டும் 2011-ல் தனித்தனியாகப் படம் போட்டுக் காட்டியது கிட்டத்தட்ட இதைத்தான். எதற்கும் தடை இல்லை, அளவின் இடம் மட்டும் மாறுகிறது.

ஏன் வேலை செய்கிறது? வயிறு எண்ணுவது கலோரியை மட்டுமல்ல, பருமனையும்தான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் கலோரி குறைந்த சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அந்த வேளையில் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019-ல் காட்டினார். 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று கொடுத்தார். முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்களே அறியாமல் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். சமைத்த உணவில் அதே அளவு இறங்கினார்கள். யாரும் எதையும் எண்ணவில்லை.

தவறுகிற நாள் விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரிடம், ஒரு புதுப் பழக்கம் கைவர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தார். பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது மாதிரிச் சின்னச் சின்னப் பழக்கங்கள். நடு அளவு 66 நாள். ஆனால் 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கில் வந்தவரும் உண்டு. 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் திரிவதை இங்கேயே விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஆய்வின் இன்னொரு வரி: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் பெரிதாக எதுவும் கெடவில்லை. விட்டுப்போன நாளுக்குத் தண்டனையே இல்லாத வழி என்று எனக்குப் பட்டது இது.

குறை இல்லாமல் இல்லை. மெதுவோ மெது. முதல் மாதம் எனக்கு 700 கிராம் குறைந்தது. ஆறு மாதத்தில் நான்கு கிலோ. கேட்டவர்கள் "அவ்வளவுதானா?" என்றார்கள். பாதித் தட்டு காய்கறியை எண்ணெயில் மிதக்கவிட்டால் அந்த நாலும் குறையாது, அந்த ஓட்டையை அடைத்தது முன்பு கலோரி எண்ணிப் படித்த பாடம்தான். தட்டைச் சின்னதாக வாங்குங்கள் என்ற அறிவுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்க். அவருடைய ஆறு கட்டுரைகளை 2018-ல் ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ்கள் ஒரே சமயத்தில் திரும்பப் பெற்றன. சின்னத் தட்டு கெடுதல் செய்யாது, அதை நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

யாருக்கு எது

மருத்துவர் "இரண்டு மாதத்தில் குறைத்தாக வேண்டும்" என்று சொன்னவருக்கு இந்தக் கட்டுரை உதவாது, அவர் மருத்துவரோடுதான் பேச வேண்டும். மற்றவர்களுக்கு என் சிபாரிசு: முதல் மூன்று வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரவு நொறுக்குத் தீனியில் என்றால் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 16 மணி நேரம் எல்லாம் வேண்டாம், இரவு எட்டோடு சமையலறை விளக்கை அணைத்தாலே போதும். இனிப்பான பானத்தில் என்றால் அது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லா வேளையிலும் பரவிக் கிடக்கிறது என்றால் தட்டுதான்.

தட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நான் ஒரே ஒரு விஷயத்தில் தொடங்கினேன்: தட்டை எடுத்ததும் முதலில் காய், அப்புறம்தான் மற்றது. மதியத்துக்கு மட்டும். அது யோசிக்காமலே நடக்க இரண்டரை மாதம் ஆனது. அதற்குப் பிறகே இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன்.

எவ்வளவு குறைந்தால் போதும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த, 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம், கூடவே வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம். என் நான்கு கிலோவைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியவர்களிடம் இப்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள். கேக்கில் இரண்டு துண்டு, பொரித்தது என்னென்னவோ, கணக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறவில்லை, வேண்டுமென்றேதான். திங்கட்கிழமைதான் என் எடை பார்க்கிற நாள். ஞாயிறு மதியம் பசித்தபோது தட்டை எடுத்தேன். காய் முதலில் விழுந்தது. விழுந்த பிறகுதான் கவனித்தேன்.